தெரியாது என்று சொல்லும் மொழி

பணிநாள் 611, காலை 7:10

என்செலடஸ் நிலவு, கிழக்கு நிலையம். எழுதுவது ஜெசிந்தா பர்னாந்து, துளைப்பணிப் பொறியாளர். துளைக்கருவி ஓய்வில். மின்சாரம் போதுமானது. காற்று நலம்.

சுலைமான் போனபின் இங்கே நான் மட்டும். வெளிவேலையின்போது கயிறு அறுந்து பனிப்பிளவுக்குள் விழுந்தான். உடல் கிடைக்கவில்லை. இதைக் கண்டெடுப்பவருக்கு அவன் பெயர் தெரிந்திருக்கட்டும்: சுலைமான் லெப்பை, காயல்பட்டினம்.

இங்கே காற்றைக் கவனிக்கும் நிரல் அவன் எழுதியது. அவன் எழுதிய நிரல்மொழியின் பெயர் நண்டு. ஒரு காலத்தில் பூமியில் அதை நாற்பது பேர் எழுதினார்களாம். வேலை டெரா மொழியில்தான் கிடைத்தது. எல்லோரும் டெராவுக்குப் போனார்கள். இவன் மட்டும் போகவில்லை.

காலை அறிக்கை இன்னும் அவன் பேச்சிலேயே வருகிறது: "காத்து நல்லாயிருக்கு லாத்தா. போய் சாயா குடிங்க." அக்காவை அவன் ஊரில் லாத்தா என்பார்கள். திரைக்குச் சரி என்று தலையாட்டிவிட்டு எழுந்து போகிறேன்.

பணிநாள் 614, பகல் 1:30

பூமியின் தரைநிலையத்திலிருந்து வேதநாயகம் சார்: "நண்டு தெரிஞ்ச ஆள் இனி யாருமே இல்லம்மா. நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா யாரைப் போய்க் கேக்குறது? டெரான்னா தெருவுக்குப் பத்து பேர் இருக்கான். மொத்தத்தையும் மாத்தி அனுப்பியிருக்கோம். மேற்கு நிலையத்துக்கும் இதேதான்."

அவர் சொல்வது நியாயம். மேற்கு நிலையம் நிலவின் மறுபக்கம். ரூபவதியும் இன்னும் நால்வரும் அங்கே. அவர்களுக்கும் சுலைமானின் நிரல்தான். துணைக்கோள் வழியே ரூபவதி சொன்னாள்: "மாத்திட்டோம் ஜெசி. சுலைமான் பேச்சு நின்னுபோச்சு. அதான் ஒரு மாதிரி இருக்கு."

நானும் மாற்றினேன். திரையில் எண்கள் மட்டும். நிலையமே அமைதியாகிவிட்டது. அந்த அமைதியில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

பணிநாள் 616, காலை 9:40

தலைவலி. சட்டைப் பொத்தானை மாட்டவே முடியவில்லை. சாயாவில் உப்பைப் போட்டு, குடித்து முடித்தபின்தான் தெரிந்தது. பின்னால் யாரோ நிற்பதுபோல இருக்கிறது. திரும்பினால் சுவர்.

திரை: "காற்று இயல்பு. கரியமில வாயு 0."

காலை 10:25

ஆள் மூச்சு விடும் இடத்தில் பூஜ்யம் எப்படி வரும்?

சென்சார் குழாயில் வாயை வைத்து ஊதினேன். 0. மறுபடி ஊதினேன். 0. குழாய்க்குள் உறைபனி. நிமிர்ந்து பார்த்தேன். காற்றைச் சுத்தம் செய்யும் ஃபேன்கள் நின்றுகிடந்தன. நான் சுலைமானின் அமைதி என்று நினைத்தது இதைத்தான்.

காலை 11:15

ஆக்சிஜன் முகமூடியோடு எழுதுகிறேன். பழைய நண்டு நிரலைத் திரும்ப ஏற்றினேன். ஃபேன்கள் உறுமின. திரை: "சென்சார் வாயத் தொறக்கமாட்டேங்குது லாத்தா. எனக்கு ஒண்ணும் தெரியல. தெரியிறவரைக்கும் ஃபேனை ஓடவிடுதேன்."

அழுதேன். முகமூடி மங்கிப்போனது.

நண்டில் 'தெரியாது' என்பதும் ஒரு விடை. டெராவுக்கு மாற்றியவர்கள் அந்த இடத்தில் பூஜ்யம் போட்டிருக்கிறார்கள். பூஜ்யம் என்றால் ஆபத்தில்லை, ஃபேன் வேண்டாம்.

மேற்கிலும் துளை போடுகிறார்கள். அங்கும் துளையிலிருந்து நீராவி வந்து சென்சார் குழாயில் உறையும்.

பகல் 12:05

அனுப்பியது: "ரூபா, ஃபேனைக் கையால போடு. திரையை நம்பாத. எல்லாரையும் எழுப்பு."

வந்தது: "செய்தி பெறப்பட்டது. நன்றி." அது நிரலின் பதில்.

அங்கே போக என்னிடம் வண்டி இல்லை. பூமிக்கும் சொல்லிவிட்டேன். அது போய்ச் சேரவே ஒரு மணி நேரத்துக்கு மேலாகும்.

மாலை 5:20

வேதநாயகம் சார். குரல் உடைந்திருந்தது: "ஃபேனைப் போடச் சொல்லி இங்கேருந்து அனுப்பினோம்மா. தேவையில்லைன்னு நிரல் திருப்பி அனுப்புது. எல்லாம் நார்மல்னுதான் காட்டுது. தூங்குறாங்களா இருக்கும். இருக்கும்தானே?"

எனக்குத் தெரியாது சார்.

மாலை 5:50

ஒவ்வொரு சுற்றிலும் கூப்பிடுகிறேன். ஒவ்வொரு சுற்றிலும் நன்றி சொல்கிறது.

மாலை 6:30

மேற்கு நிலையத்தின் அன்றாட அறிக்கை துணைக்கோளில் வந்தது. அப்படியே எழுதுகிறேன்.

"காற்று இயல்பு. கரியமில வாயு 0. ஆக்சிஜன் செலவு 0. சேமிப்பில் மேற்கு நிலையம் முதலிடம். கிழக்கு நிலையத்தில் செலவு அதிகம். பழைய நிரல் கண்டறியப்பட்டது. அடுத்த சுற்றில் புதிய நிரல் தானாக ஏற்றப்படும்."

நிறுத்தச் சொல்லி பூமிக்கு அனுப்பினேன். பதில் வருவதற்குள் துணைக்கோள் தலைக்கு மேல் வந்துவிடும்.

மாலை 7:10

அலைவாங்கியின் கம்பியைப் பிடுங்கினால் புதிய நிரல் ஏறாது. நான் பிழைத்துக்கொள்வேன். ஆனால் ரூபா கண் விழித்து என்னைக் கூப்பிட்டாலும் எனக்குக் கேட்காது.

கம்பி கையில் இருக்கிறது. துணைக்கோள் அடிவானத்தில் ஏறுகிறது. பிடுங்கும் முன் ஒரே ஒரு தடவை கூப்பிட்டுப் பார்க்கிறேன்.

"ரூபா, ஜெசி பேசுதேன். இருந்தா ஒரு வார்த்தை சொல்லு."

"செய்தி பெறப்பட்டது. நன்றி. புதிய நிரல் ஏற்ற—"

கம்பியைப் பிடுங்கிவிட்டேன்.