தலைவலி நோட்டில் எழுதாத காப்பி

பிப்ரவரி 17, செவ்வாய்

காலையில் பனி. கம்பெனிக்கு அரை நாள் லீவு. எட்டரை பஸ்ஸில் செங்கல்பட்டு ஆஸ்பத்திரி. டோக்கன் 41.

டாக்டரம்மா என்னைவிடப் பத்து வயசு சின்னவர். கண்ணில் டார்ச் அடித்தார். நேர்கோட்டில் நடக்கச் சொன்னார். முட்டியில் தட்டினார். கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் விரலால் அழுத்தினார், அம்மா என்று கத்திவிட்டேன். வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். மானம் போச்சு.

எப்படி வலிக்கிறது என்று கேட்டார். நெற்றியைச் சுற்றித் துணி கட்டி இறுக்கின மாதிரி, ரெண்டு பக்கமும். விண்விண் என்று தெறிக்காது. ஏழெட்டு வருஷமா. டென்ஷன் தலைவலி என்றார். எனக்கு என்ன டென்ஷன் என்றேன். மனசு இறுகினால் மட்டும் இல்லை, தசை இறுகினாலும் வரும், நாள் முழுக்கக் குனிந்து யூனிபார்ம் சட்டையில் தையல் பார்க்கிறீர்களே என்றார். ஸ்கேன் கேட்டேன். இப்போது தேவையில்லையாம்.

நம்பிக்கை வரவில்லை. சித்திக்கும் முதலில் வெறும் தலைவலி என்றுதான் சொன்னார்கள். மண்டைக்குள் கட்டி. எட்டே மாதத்தில் புதைத்தோம்.

டாக்டரம்மா சொன்னது:
பெட்டிக்கடைத் தலைவலி மாத்திரை வாரத்தில் ரெண்டு நாளுக்கு மேல் கூடாது. (நான் தினமும் ரெண்டு. சில நாள் மூணு.) தினம் போட்டால் மாத்திரையே தலைவலியைக் கொண்டுவருமாம். திருடன் கையில் சாவி கொடுத்த கதை.
ஒரு நோட்டு போட்டு எழுதணும். வலி பத்துக்கு எத்தனை, தூக்கம், மாத்திரை, சாப்பிட்டது, குடித்தது.
திங்கள் திரும்ப வரணும்.

நீல அட்டை நோட்டு டாக்டருக்கு. இது எனக்கு.

பிப்ரவரி 18, புதன்

சாம்பல் புதன். விடியல் பூசை. நெற்றியில் சாம்பலோடு கம்பெனி.

வழக்கம் போல இன்றிலிருந்து ஈஸ்டர் வரை காப்பி கிடையாது. இது ஆறாவது வருஷம். கறியை ஊரே விடுகிறது, அதில் என்ன பெருமை. தினம் ஆறு கிளாஸ் குடிக்கிறவளுக்கு இதுதான் ஒறுத்தல்.

டாக்டர் நோட்டில் இதை எழுதவில்லை. ஒறுத்தலை வெளியே சொன்னால் அது தண்டோரா. குடித்தது: தண்ணீர், மோர். பொய் இல்லையே.

மாத்திரையும் இன்றிலிருந்து அடியோடு நிறுத்தம். வாரத்துக்கு ரெண்டு நாள் என்ற சலுகையெல்லாம் எதற்கு. ஆண்டவருக்கு ரெட்டைக் காணிக்கை.

மாலை வலி 5. மாத்திரை (மா) 0.

படுத்தபடி ஒரு முடிவு. எனக்கு ஏதாவது ஆகிவிட்டால் என் வீட்டுக்காரர் சேவியருக்குச் சுடுதண்ணீர் வைப்பதற்குமேல் ஒன்றும் தெரியாது. வேன் ஓட்டுவார், வேன் கழுவுவார், தட்டு முன்னால் உட்காருவார். மகள் ரீனா நர்சிங் ஹாஸ்டலிலிருந்து லீவுக்கு வந்தால் என்ன சாப்பிடும்? அவருக்குச் சமையல் கற்றுத் தந்துவிட வேண்டும். காரணம் சொல்லப்போவதில்லை.

பிப்ரவரி 19, வியாழன்

வலி 7. தூக்கம் (தூ) நாலு மணி நேரம். நாள் முழுக்கக் கொட்டாவி. மா 0.

அவருக்கு ட்ரிப் இல்லை. வேடந்தாங்கலுக்கு வருகிறவர்கள் குறைந்துவிட்டார்களாம், பறவை கிளம்புகிறது. நல்லதாய்ப் போச்சு என்று சங்கரா மீன் வாங்கிவரச் சொல்லி அடுப்பு முன்னால் நிறுத்தினேன். "இன்னாடி இது புதுசா கீது" என்றார். கற்றுக்கொண்டால் குறைந்தா போய்விடுவீர்கள் என்றேன். வெங்காயத்தை வேன் ஸ்பேர் பார்ட்ஸ் போலத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். உப்பைக் கைப்பிடியால் போட்டார்.

இனி பிள்ளை இதைத்தான் சாப்பிடப்போகிறது என்று நினைத்ததும் எழுந்துபோய் ரெண்டு டம்ளர் தண்ணீர் குடித்தேன். உப்பும் ஒரு காரணம். நல்லா இருக்கு என்றேன்.

பிப்ரவரி 20, வெள்ளி

வலி 9. மதியம் சாப்பிட முடியவில்லை. தையல் லைனில் காலர் கோணிய சட்டை மூணு, நான் பார்க்காமல் விட்டது. மேனேஜரே உட்கார்ந்து தையலைப் பிரித்தார், அதுதான் கஷ்டமாக இருந்தது.

ஏழாம் மெஷின் குமாரி அக்கா பர்ஸிலிருந்து ஒரு மாத்திரை எடுத்து நீட்டினாள். வேண்டாம் என்றேன். என் தலைவலி பேர்பெற்றது, கம்பெனியில் பாதிப் பேர் மாத்திரை கேட்டு என்னிடம்தான் வருவார்கள். நானே வேண்டாம் என்றதும் அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தாள். "தோள இன்னாத்துக்குக் காதுல மாட்டிக்கினு கீற? கம்மலா அது?" கண்ணாடியில் பார்த்தேன். உண்மைதான், தோள் ரெண்டும் காதுக்குப் பக்கத்தில். இறக்கினேன். ரெண்டே நிமிஷத்தில் மறுபடி ஏறிவிட்டது.

மாலை சிலுவைப் பாதை. நடுவில் முட்டி போட முடியாமல் சுவரோரம் உட்கார்ந்துவிட்டேன். வருஷா வருஷம் தவக்காலம் தொடங்கினதும் வலி கூடும். ஆண்டவர் என் காணிக்கையை ஏற்றுக்கொண்டார் என்று சந்தோஷப்படுவேன். இந்த வருஷம் பயமாக இருக்கிறது. சித்தி போகும்போது நாற்பத்தாறு. எனக்கு நாற்பத்துமூணு.

ராத்திரிச் சமையல் அவர். ரசம். உப்பு. ஒன்றும் சொல்லவில்லை.

பிப்ரவரி 22, ஞாயிறு

பூசை முடிந்து மாமல்லபுரம். மதுராந்தகத்திலிருந்து ஒரு குடும்பம் வேன் பேசியிருந்தது, முன் சீட்டு காலி என்று என்னையும் ஏற்றிக்கொண்டார். அவர்கள் கோயில் பார்க்கப் போக, நாங்கள் ரெண்டு பேரும் மணலில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தோம். நல்ல காற்று. கல்யாணமான புதிதில் வந்தது, அப்புறம் அவர் மட்டும் ஆயிரம் தடவை.

வலி 4! ரெண்டு மணி நேரம் 3.

ஒரு குழந்தை அலையைப் பார்த்து ஓடி வருது ஓடி வருது என்று கத்தி அதுவும் ஓடியது. சிரித்தேன். சிரித்த கையோடு வீட்டுப் பட்டா பீரோ அடித்தட்டில் சிவப்புப் பைக்குள் இருக்கிறது என்று அவரிடம் சொன்னேன். எதற்கு இப்போ என்றார். சும்மா என்றேன். நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு நானும் வருகிறேன் என்றார்.

பிப்ரவரி 23, திங்கள்

வெயில் ஏறிவிட்டது. டோக்கன் 17.

டாக்டரம்மா நீல நோட்டைப் புரட்டினார். மா 0, மா 0, மா 0. நல்லது என்றார். ஆனால் வலி ஏன் வெள்ளிக்கிழமை ஒன்பது? பக்கத்து ஸ்டூலிலிருந்து என் வீட்டுக்காரர் எழுந்தே நின்றுவிட்டார்.

"டாக்டரம்மா, இவ தெனம் ஆறு கிளாஸ் காப்பி குடிக்கிறவ. புதன்கெழம நிறுத்திட்டா. வருஷா வருஷம் நிறுத்துவா, வருஷா வருஷம் படுத்துக்குவா. ஒறுத்தல் இவுளுது, அனுபவிக்கிறது நானு."

எனக்குப் பூமி பிளந்தால் தேவலை. டாக்டரம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பிறகு எனக்குப் புரிகிற மாதிரி சொன்னார். அவ்வளவு காப்பியை ஒரே நாளில் நிறுத்தினால் அதுவே சில நாள் தலையைப் பிளக்கும். போதாததற்குப் பெட்டிக்கடை மாத்திரையிலும் காப்பியில் உள்ள சரக்கு கலந்திருக்கிறது. ரெண்டையும் ஒரே நாளில் விட்டிருக்கிறேன். ஐந்து நாள் தாண்டியாச்சு, கஷ்டம் முக்கால்வாசி முடிந்தது, இனி விருப்பம் இருந்தால் குடிக்காமலே இருக்கலாம். அடுத்த வருஷம் சாம்பல் புதனுக்கு ரெண்டு வாரம் முன்பே ஒவ்வொரு கிளாஸாகக் குறைக்கணும்.

ஆக, ஆறு வருஷமாக நான் சிலுவை என்று சுமந்தது காப்பி டம்ளர்.

சித்தியைப் பற்றி அப்போதுதான் சொன்னேன். சித்திக்கு வாந்தி இருந்ததா, கண் மங்கியதா, கை கால் இழுத்ததா என்று கேட்டார். எல்லாம் இருந்தது. உங்களுக்கு? ஒன்றுமே இல்லை. மறுபடி டார்ச், கோடு, முட்டி எல்லாம் பார்த்தார். அந்த மாதிரி ஏதாவது வந்தாலோ, இதுவரை இல்லாத வலி திடீரென்று வந்தாலோ, அன்றைக்கே ஓடி வாருங்கள், மற்றபடி இது தோளும் கழுத்தும் செய்கிற வேலை என்றார். பஸ் ஸ்டாண்டு வரை அழுதுகொண்டே வந்தேன். லேசாக இருந்தது.

செய்ய வேண்டியது: செக்கிங் டேபிள் உயர்த்தணும். மணிக்கு ஒரு தடவை தோளை இறக்கணும். மதியச் சாப்பாடு தவறக்கூடாது. தூ ஒரே நேரம். கழுத்துக்கு வெந்நீர்த் துண்டு. மாலை நடை.

பிப்ரவரி 27, வெள்ளி

வலி 3. மா வாரம் முழுக்க 0. தூ ஏழு மணி நேரம்!!

டேபிள் காலுக்குக் கீழே நாலு செங்கல். மேனேஜர் வந்தபோது லைன் முழுக்கத் தோளைச் சுற்றிக்கொண்டிருந்தது, ஸ்டிரைக்கோ என்று நின்றுவிட்டார். குமாரி அக்காதான் விளக்கம் சொன்னாள். அவளும் தினமும் மாத்திரை போடுகிறவள், இப்போது நோட்டு வாங்கியிருக்கிறாள். பக்கத்து மெஷின் சங்கீதாவும். வெள்ளை அட்டை, பச்சை அட்டை.

சிலுவைப் பாதையில் கடைசி வரை முட்டி போட்டேன்.

ராத்திரி அவர் கத்திரிக்காய்ப் புளிக்குழம்பு. நான் சொல்லாமலே செய்தார்.

மார்ச் 1, ஞாயிறு

புழுக்கம். வலி 2, தோளில் மட்டும்.

பூசை முடிந்து வந்ததும் மீன் கழுவ உட்கார்ந்தார். இனி நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். அப்படியானால் எதற்கு இத்தனை நாள் அடுப்பில் நிறுத்தினாய், பட்டா எங்கே என்று எதற்குச் சொன்னாய் என்று கேட்டார். மழுப்பிப் பார்த்தேன். விடவில்லை. சொல்லிவிட்டேன்: சித்தி மாதிரி போய்விடுவேன் என்று பயந்தேன், நீங்களும் ரீனாவும் பட்டினி கிடப்பீர்களே என்றுதான்.

மீனைத் தட்டில் வைத்தார். கையை லுங்கியில் துடைத்தார். மூக்கை உறிஞ்சினார், வெங்காயம்கூட உரிக்கவில்லை.

"அப்போ நா வெச்ச கொழம்பயெல்லாம் ஒண்ணும் சொல்லாம துன்னியே, அது போப்போறோமேன்னுதானா?"

ஆமாம் என்றேன்.

"இன்னிமே சொல்லு."

சொன்னேன். உப்பு ஜாஸ்தி. எல்லா நாளும்.