உன் உம்மா தேர்தலில் நின்ற கதை

மாளிகைக்காடு

அன்பு மகன் பஹ்மிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நானும் உம்மாவும் சுகம், என் முழங்கால் மட்டும் படியைக் கண்டால் முறைக்கிறது. தோஹா வெயிலில் நீயும் சுகமாக இருக்க துஆச் செய்கிறேன். ஒரு போட்டோ போட்டிருந்தால் வென்றிருக்கலாம் என்று உம்மாவிடம் கோபப்பட்டுப் போனை வைத்தாயாம். நடந்தது உனக்குத் தெரியாது, அதனால் எழுதுகிறேன்.

பிரதேச சபைக்கு ஆள் கேட்டுக் கட்சிக்கார இன்பாஸ் வீட்டுக்கு வந்தபோது என்னைத்தான் கேட்கிறான் என்று நினைத்து நல்ல சட்டை போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தேன். அவன் கேட்டது உம்மாவை. இருபது வருஷமாக மௌத்தாகிப் போன பெண்களின் உடலைக் குளிப்பாட்டிக் கபன் துணி சுற்றுகிறவள், போன வெள்ளத்தில் பள்ளிக்கூடத்தில் சமைத்துப் போட்டவள், அங்கே தங்கிய காரைதீவு இந்துச் சனத்துக்கு இறைச்சி படாமல் மரக்கறி மட்டும் ஆக்கவென்று புதுச் சட்டி வாங்கியவள், அவளை விட்டுவிட்டு என்னை யார் கேட்பான். அவளோ, "செய்ய ஏலாததச் செய்வன் எண்டு சொல்ல மாட்டன், மறுமையில அதுக்கும் கேள்வி இருக்கு" என்றுதான் சம்மதித்தாள். மழைத்தண்ணீர் ஓட வடிகான் கேட்ட வீடுகளில், "சபையில கேப்பன், கிடைக்குமெண்டு சொல்ல ஏலா" என்றாள். இப்படி வாக்குக் கேட்ட ஒருவரை நான் கண்டதில்லை. இன்பாஸ் தலையில் கைவைத்தான். ஆனால் மீன் விற்கும் மீனாம்பிகை அக்கா காரைதீவில் வீடு வீடாகப் போய், "புதுச் சட்டி வாங்கின உம்மாவுக்குப் போடுங்க" என்றாவாம்.

கடைசிக் கூட்டத்தில் உம்மா பேச எழும்பும் நேரம், அவளை எதிர்த்து நின்றவள் ஸுஹைறா, அந்த ஸுஹைறாவின் தாய் மௌத் என்று செய்தி வந்தது. உடனே மேடையை விட்டு இறங்கி என் மோட்டார் சைக்கிளில் ஏறிவிட்டாள். இன்பாஸ் பின்னால் ஓடிவந்து, மையித்து வீட்டு வாசலில் ஒரு போட்டோவாவது எடுங்க, பேஸ்புக்கில் போடுவோம் என்றான். வெட்கத்தைச் சொல்கிறேன், வாசலில் நானும் போனை எடுத்தேன். "அந்தப் புள்ள தாயை இழந்து நிக்கிறா. அவட வாசல்ல நிண்டு வாக்குக் கேக்கவா? அப்புடிக் கிடைக்கிற சபைக் கதிரையில எனக்கு இருக்க ஏலா" என்றாள். இத்தனை வருஷத்தில் அவள் என்னை ஏசியதெல்லாம் சத்தமாகத்தான். அன்று மெதுவாகச் சொன்னாள், போனைப் பைக்குள் போட்டுவிட்டேன். உள்ளே ஸுஹைறா, "நீங்க வருவீங்கெண்டு நினைக்கல்ல" என்று அழுதாளாம். உம்மா வாளியைக் கையில் கொடுத்து, "தண்ணி ஊத்து மகள்" என்றாளாம்.

ஸுஹைறாவிடம் ஒன்பது வாக்கில் தோற்றாள். எனக்கு ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டுப் பருப்புக் கறி வைத்தாள், உப்பே இல்லை, அப்போதுதான் அவளுக்கு எவ்வளவு வலித்தது என்று எனக்கு விளங்கியது. நானும் அதையே வழித்துச் சாப்பிட்டேன். பத்து நாள் கழித்து ஸுஹைறா வந்து, "எந்த வீட்டுல என்ன குறை எண்டு எனக்குத் தெரியா, நீங்க கூட வாங்க சாச்சி" என்றாள். இப்போது சனிக்கிழமைதோறும் இரண்டு பேரும் குடையோடு ஒழுங்கை ஒழுங்கையாக, வீடு வீடாகப் போகிறார்கள், மீனாம்பிகை அக்கா வீட்டடியில் வடிகான் அளக்க ஆள் வந்துவிட்டது. வென்றவளுக்குக் கதிரை, தோற்றவளுக்கு வேலை, எனக்கு நேற்றைய சோறு.

வேலையைச் சாட்டி ஜும்ஆத் தொழுகையை விடாதே. அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளையும் நல்ல மனசையும் தரட்டும். உம்மாவுக்குப் போன் எடு, மன்னிப்பெல்லாம் கேட்காதே, அவளுக்குக் கூச்சம். ஸுஹைறாவின் தாய்க்கு ஒரு யாசீன் ஓதினேன் என்று சொல், ஓதிவிட்டுச் சொல்.

இப்படிக்கு,
வேட்பாளரின் கணவன், உன் வாப்பா
அப்துல் ஸமட்