பாக்கெட்டில் இருந்த வெற்றுத்தாள்

ஷர்மி, சாம்பார் அடுப்பில் இருக்கிறது, சுடவைத்துச் சாப்பிடு.

துர்க்கைக்கு விளக்கேற்ற வாங்கிய எலுமிச்சம்பழத்தை எல்லாம் நீ பிழிந்துவிட்டாய் என்று கத்தினேன். இரண்டு நாளாக நீ பேசவில்லை. இன்று காலை உன் யூனிஃபார்மை அயர்ன் பண்ணினேன். பாக்கெட்டில் இருந்த வெற்றுத்தாளில் சூடு பட்டதும் பழுப்பாக எழுத்து வந்தது: "சாரிம்மா. கோவம் போயிடுச்சா?"

அலமாக்! அழுதேவிட்டேன்.

பிழிந்த தோலை டப்பாவில் போட்டு ஃபிரிட்ஜில் வைத்திருக்கிறாய், இப்போதுதான் பார்த்தேன். விளக்குக்குத் தோல்தானே வேண்டும், சாற்றை நானும் கொட்டத்தான் செய்திருப்பேன். வேலை முடிந்து நம் தாமான் குடியிருப்புக் கோயிலுக்குப் போய் ஏற்றிவிட்டு வருகிறேன்.

பி.கு: கீழே காலியாக இருக்கிறதென்று தூக்கிப் போடாதே. உன் மீதிச் சாற்றில் பதில் எழுதியிருக்கிறேன். நான் வரும்வரை அயர்ன்பெட்டியைத் தொடாதே.

(சூடு பட்டதும் கீழே பழுப்பாக வந்த எழுத்து:) அதுவரை பொறுக்க முடியாது உனக்கு. போயிடுச்சுடி.