நூற்றெண்பது மீட்டர் இடைப்படி

ஆகஸ்ட் 28, திங்கள்

குளியலறைக்கு இன்றும் வரிசை. அக்கா, அத்தான், என் மகள், கடைசியில் நான். போன வருட வெள்ளத்தில் வீடு மூழ்கி, ‘ரெண்டு வாரம்’ என்று வந்தவர்கள்; பத்து மாதம் ஆகிறது. அவர்கள் வீட்டைக் கழுவி வெள்ளையும் அடித்தாகிவிட்டது. ஆனால் வானம் கறுத்தாலே அக்காவுக்கு முகம் வெளிறிவிடுகிறது. “கரை முடியட்டும், அப்புறம் பாக்கலாம்” என்கிறாள்.

அந்தக் கரையில்தான் எனக்கு வேலை. ஆற்றுக்கும் அவள் தெருவுக்கும் நடுவே ஆறு மீட்டர் உயர மண்கரை. அளவு பார்த்து, எங்கே எவ்வளவு உயரம் என்று முளைக்குச்சி அடித்துக் கொடுப்பது நான். “உன் வீட்டுக்கு நான் பொறுப்புக்கா” என்று இன்றும் சொன்னேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

ஆகஸ்ட் 31, வியாழன்

இடைப்படி முடிந்தது! தெருப் பக்கச் சரிவில், பாதி உயரத்தில், மூன்று மீட்டர் அகலத்துக்கு ஒரு படி. மேலிருந்து ஓடிவரும் மழைத்தண்ணீர் அங்கே வேகம் குறையும். படியைக் கரைப் பக்கமாகச் சற்றே சாய்த்துவிடுவோம். தண்ணீர் உள்ளோரத்துச் சிறு வாய்க்காலில் சேர்ந்து ஒழுங்காக இறங்கிப் போய்விடும். வெளிப்பக்கம் சாய்ந்தால் கதை வேறு. தண்ணீர் விளிம்பைத் தாண்டிக் கொட்டிச் சரிவை அரித்துவிடும்.

மண்ணை இறுக்கும் ரோலர் அண்ணன் ஒரு வாரமாக அதில் போய்வந்துகொண்டிருந்தார். “நான் போற வேகத்துல ஆமைகூட ஹார்ன் அடிக்குது” என்றார். சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது.

செப்டம்பர் 4, திங்கள்

ரோலர் அண்ணன் இடைப்படியில் நின்று தேநீர் குடித்தார். ஆறிப்போன மிச்சத்தைக் கீழே கொட்டினார்.

அது வெளிப்பக்கமாக ஓடியது.

யாரும் கவனிக்கவில்லை. அவர் போனபிறகு மட்டப்பலகையை வைத்துப் பார்த்தேன். வளைவிலிருந்து நூற்றெண்பது மீட்டருக்கு எல்லாமே தலைகீழ். குறிப்பேட்டைப் புரட்டியதும் புரிந்துவிட்டது. முளையடித்த அன்று சாப்பாட்டுக்கு முன்னால் ஆற்றோட்டத்தோடு நடந்தேன். சாப்பிட்டுவிட்டு எதிர்ப்பக்கமாகத் திரும்பி வந்தேன். எந்த ஓரம் உயரம் என்பதை ‘உள்’, ‘வெளி’ என்று எழுதாமல் ‘இடது’, ‘வலது’ என்று எழுதியிருக்கிறேன். ஆள் திரும்பினால் இடதும் திரும்பும் என்று தெரியாதா எனக்கு? இருபது வருட வேலை!

செப்டம்பர் 5

சொல்லவில்லை.

செப்டம்பர் 6

இன்றும் சொல்லவில்லை. புல் முளைத்தால் பிடித்துக்கொள்ளும் — மழை குறைவாக இருக்கும் — இப்படியெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். அந்த நூற்றெண்பது மீட்டருக்கு நேர் கீழே இருப்பது அக்கா தெரு. வேலை போய்விடுமோ என்று ஒரு பயம். அதைவிட, அக்கா முகத்தில் எப்படி விழிப்பேன்? சீ, என்ன மனுஷி நான்.

செப்டம்பர் 7, வியாழன்

சொல்லிவிட்டேன்.

எங்கள் பொறியாளர் என்னைவிடப் பத்து வயது சின்னவர். கொண்டையில் எப்போதும் பென்சில் செருகியிருப்பதால் ‘பென்சில் மேடம்’ என்று பெயர். நான் சொல்லச் சொல்லப் பென்சிலை உருவிக் கையில் பிடித்துக்கொண்டார்.

“எப்ப பாத்தீங்க?”

“திங்கக்கிழமை மேடம்.”

“இன்னைக்கு என்ன கிழமை?”

குறிப்பேட்டைத் திறந்து அவர் முன்னால் வைத்தேன்.

“தப்புக்கு நான் திட்டல. நானும்தான் சரிபாக்காம கையெழுத்துப் போட்டிருக்கேன். இந்த மூணு நாளுக்குத்தான் திட்டுறேன். மழைக்கு மூணு வாரம் இருக்குன்னா அதுல மூணு நாள நீங்க முழுங்கிட்டீங்க.”

நன்றாகவே திட்டினார். வெளியே வந்தபோது மனசு லேசாக இருந்தது. நாளையிலிருந்து வேலை.

செப்டம்பர் 8

அக்காவிடம் சொன்னேன். துணி மடித்துக்கொண்டிருந்தாள். “நீ போடுற கரைன்னுதானேடி நம்பிட்டு இருந்தேன்” என்றாள். அடுத்த துணியை எடுத்து மடிக்க ஆரம்பித்துவிட்டாள். திட்டியிருந்தால் தேவலை.

செப்டம்பர் 14

மேலே புதுமண்ணை அப்பினால் ஒட்டாது, முதல் மழையிலேயே வழுக்கிவிடும். அதனால் பழைய மண்ணைக் கீறிவிட்டு, ஈரம் பார்த்து, மெல்லிசாகப் பரப்பி, இறுக்கி, அதன்மேல் அடுத்த அடுக்கு. உயரத்தை எல்லாரும் கேட்கும்படி சத்தமாகச் சொல்கிறேன்: “வெளி உயரம்! உள் தாழ்வு!” ரோலர் அண்ணன் பாட்டாகவே பாட ஆரம்பித்துவிட்டார். ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை அவர். அழுகையே வந்துவிட்டது.

அக்கா பேச்சு இன்னும் ‘உப்பு எடு’, ‘கதவைச் சாத்து’ அளவில்தான்.

செப்டம்பர் 21, வியாழன்

முடிந்தது. மதியம் பார்த்தால் அக்கா! கையில் இரண்டு பெரிய தண்ணீர்ப் பாட்டில். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இடைப்படியில் ஏறினாள். பத்தடிக்கு ஒரு தடவை நின்று கொஞ்சம் ஊற்றுவாள், குனிந்து பார்ப்பாள், நகர்வாள். பாட்டில் காலியானதும் என்னிடம் நீட்டினாள். “நெரப்பிட்டு வா.” நூற்றெண்பது மீட்டரும் பார்த்துவிட்டுத்தான் இறங்கினாள்.

“யாரு இவங்க?” என்றார் பென்சில் மேடம்.

“எங்க அக்கா.”

“வேலைக்கு வருவாங்களான்னு கேளுங்க.”

செப்டம்பர் 28

பட்டப்பகலில் பெருமழை, மூன்று மணி நேரம். நானும் ரோலர் அண்ணனும் ஒரே குடைக்குள் நின்று பார்த்தோம். வாய்க்காலில் செம்மண் தண்ணீர் திமுதிமுவென்று ஓடியது. விளிம்பில் ஒரு கீறல்கூட இல்லை.

அக்காவுக்குப் படம் அனுப்பினேன். பதில் இல்லை. வீட்டுக்குப் போனால் அத்தான் பெட்டி கட்டிக்கொண்டிருக்கிறார்.

அக்டோபர் 1

போய்விட்டார்கள். குளியலறை காலி. என்னமோ போல் இருக்கிறது.

அக்டோபர் 17, செவ்வாய்

ராத்திரி முழுக்கக் கொட்டித் தீர்த்துவிட்டது. எனக்குப் பொட்டுத் தூக்கம் இல்லை. விடியட்டும் என்று காத்திருந்து ஆறு மணிக்கு அக்காவுக்குப் போன் போட்டேன். ஏழெட்டுத் தடவை மணி அடித்தபிறகு தூக்கக் கலக்கத்தோடு எடுத்தாள்.

“என்னடி இந்நேரத்துக்கு? யாருக்கு என்ன?”

“ஒண்ணுமில்லக்கா. மழை... அதான்.”

“மழையா? எப்ப?”

கதவு திறக்கும் சத்தம் கேட்டது.

“ஆமாடி, வாசல் நனைஞ்சிருக்கு.”