மதிவதனக் களிம்பு

1934 ஜூலை 24
பட்டணத்திலிருந்து மதிவதனக் களிம்பு தபாலில் வந்துவிட்டது. சபைப் பத்திரிகையில் பார்த்து அம்மா வரவழைத்தது. "கறுத்த மேனி எலுமிச்சை நிறமாகும். மணமகள்கள் தாமதியாது வாங்குவீர்!" வேதபாடத்துக்கு நேர் கீழே அச்சடித்திருக்கிறான்.

"பொய்யின்னா பாதிரிமாரு போடுவினுமா, லே?" என்கிறாள் அம்மா.

பெண் பார்க்க வந்த அன்று மாப்பிள்ளை சத்தியநேசனின் தாயார், "பெண்ணு கொஞ்சம் இருட்டு" என்றாள். அந்த ஒரு சொல் இந்த வீட்டை ஆட்டுகிறது. என் தங்கை பூங்கனி என்ன, அணைந்துபோன விளக்கா?

ஆகஸ்ட் 5, ஞாயிறு
சபைக் கோயிலில் முதல் கல்யாண ஓலை வாசித்தார்கள், இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம் என்று. இன்னும் இரண்டு ஞாயிறு. யாரும் தடை சொல்லாவிட்டால் கல்யாணம்.

பூங்கனி வெளுக்கத்தான் செய்கிறாள். அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. எனக்குப் பிடிக்கவில்லை. தோலை உரித்தால் யாரும்தான் வெளுப்பார்கள்.

ஆகஸ்ட் 10
கன்னம் வெந்து நீர் வடிகிறது. டாக்டர் டப்பியைத் திறந்து பார்த்துவிட்டு, "பாதரசம். நிறுத்துங்க" என்றார்.

பத்திரிகை ஆசிரியரிடம் போய்க் கத்தினேன். "தம்பி, விளம்பரம் இல்லேன்னா பத்திரிகை எப்பிடி நடக்கும்?"

வேதபாடத்தைத் தூக்கிவிட்டு அங்கேயும் களிம்பு பூசும் ஓய், என்றேன்.

ஆகஸ்ட் 12
இரண்டாம் ஓலை. பூங்கனி முக்காட்டுக்குள்.

ஆகஸ்ட் 16
மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். சம்பந்தத்தை முறித்துவிடுவார்களோ என்று அம்மாவுக்கு நடுக்கம். முறிக்கவில்லை. அந்தத் தாயார் புது டப்பி ஒன்றை எடுத்து வைத்தாள். "பாதியிலே விட்டா இப்பிடித்தான். கல்யாணம் வரைக்கும் விடாம தேயி மக்கா."

சத்தியநேசன் — பி.ஏ. படித்த கழுதை — தலையாட்டினான். பூங்கனி அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆகஸ்ட் 19
மூன்றாம் ஓலை. "தடை சொல்பவர் உண்டா?" கேட்டுவிட்டுப் போதகர் அடுத்த தாளை எடுத்துவிட்டார். இந்தக் கேள்விக்கு யார் எழுந்திருக்கிறார்கள்?

"எனக்கு உண்டு."

பெண்கள் பக்கம். பூங்கனி! முக்காட்டை எடுத்துவிட்டு நின்றாள்.

"பெண்ணே தடை சொன்னா எப்பிடி?"

"பின்னே யாரு சொல்லணும், ஐயா?"

நான் பெஞ்சை விட்டு எழவில்லை. ஊரெல்லாம் போய்க் கத்துகிறவன் — நான்.

செப்டம்பர் 28
கல்யாணம் நின்றது. அம்மா இன்னும் எங்கள் இருவரோடும் பேசுவதில்லை: எழுந்தாள் என்று பூங்கனியோடு, உட்காரவைக்கவில்லை என்று என்னோடு.

பக்கத்து வீட்டுச் சத்தியபாய் வந்தாள். மகளுக்கு ஒரு சம்பந்தம் வந்திருக்கிறதாம். "மாப்பிள்ளை வீட்டுக்காரங்க தந்த டப்பி திறக்காமத்தானே இருக்கு?"

பூங்கனி அவளை முற்றத்து வெயிலுக்குக் கூட்டிப்போய்க் கன்னத்தைத் திருப்பிக் காட்டினாள். சத்தியபாய் வெகுநேரம் பார்த்தாள். விரலால் தொட்டும் பார்த்தாள்.

"கொஞ்சமா தேச்சா ஒண்ணும் செய்யாது, இல்லியா மக்கா?"