சுண்டுவிடம் இனிமேல் கேள்வி கேட்காதே

அன்பு மகனுக்கு அப்பா எழுதுவது. இங்கே நான், உன் அம்மா, மருமகள், சுண்டு நாலு பேரும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் அங்கே வேளாவேளைக்குச் சாப்பிட்டு நல்லபடியாக இருக்க வேண்டும். உடம்பு சரிதான், மனசுதான் கொதிக்கிறது. போனில் சொன்னால் குறுக்கே பேசுவாய், எனக்கும் குரல் ஏறிவிடும், அதனால்தான் எழுதுகிறேன். முழுசாகப் படி.

சுண்டுவைச் சேர்த்திருக்கிற மழலையர் பள்ளியில், அடுத்த மாதம் வரப்போகிற பிள்ளைகளுக்கு இடம் பழகட்டும் என்று சனிக்கிழமை எல்லோரையும் குடும்பத்தோடு வரச் சொல்லியிருந்தார்கள். தையல் கடையைச் சாத்திவிட்டு நானும் மருமகளோடு போனேன். முழங்கால் உயரத்துக்கு நாற்காலிகள், எனக்கு உட்காரவும் முடியவில்லை எழுந்திருக்கவும் முடியவில்லை. டீச்சர் சின்ன வயசுப் பெண், தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்து சுண்டுவைப் பக்கத்தில் அழைத்து உன் பேரு என்னம்மா என்று கேட்டாள். உன் மகள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு விறைப்பாக நின்று ஒண்ணு ரெண்டு மூணு என்று ஆரம்பித்தாள். பேரைத்தான் கண்ணு கேட்டேன் என்று டீச்சர் சிரித்தாள். இவளோ தப்பாகச் சொல்லிவிட்டோம் என்று பயந்து மறுபடி ஒண்ணிலிருந்து தொடங்கிவிட்டாள். உதடு துடிக்கிறது, கண்ணில் நீர் முட்டுகிறது, எண்ணுவதை மட்டும் விடவில்லை. நாற்பதைத் தாண்டும்போது நின்ற இடத்திலேயே கவுன் நனைந்து தரையெல்லாம் ஈரம். அப்போதும் நாப்பத்தொண்ணு நாப்பத்திரெண்டு என்கிறதடா அந்தப் பிஞ்சு!

டீச்சர் முகம் சுளிக்காமல் தூக்கிப் போய் வேறு உடுப்பு மாட்டிவிட்டாள். வந்து, வீட்ல இவளை யாரு கேள்வி கேக்குறது என்றாள். மருமகள் தலையைக் குனிந்துகொண்டாள், உன்னை விட்டுக்கொடுக்க அவளுக்கு மனசு வரவில்லை. எனக்கென்ன, என் மகன்தான் தினமும் போனில் எண்ணச் சொல்லிக் கேட்பான் என்று சொல்லிவிட்டேன். எழுத்தும் எண்ணும் நாங்க சொல்லிக்குடுத்துக்குறோம் ஐயா, அதுக்குத்தானே இருக்கோம், பாத்ரூம் வருதுன்னு வாயைத் திறந்து சொல்லவும் டப்பாவைத் திறந்து சாப்பிடவும் பழக்கிவிடுங்க, அம்மா போனாலும் திரும்பி வந்துடுவாங்கன்னு பிள்ளைக்கு நம்பிக்கை வரணும், அது போதும் என்றாள். அங்கே ஒரு பொடியன் ஷூவைத் தானே கால் மாற்றிப் போட்டுக்கொண்டு ராஜா மாதிரி உலாத்தினான், அவன் அப்பா கைதட்டினார். எனக்கு வயிறெரிந்தது.

சாயங்காலம் உன் போன் மணி அடித்ததுமே சுண்டு கட்டிலுக்கு அடியில் புகுந்துகொண்டாள். தாத்தா, நான் தூங்கிட்டேன்னு அப்பாகிட்ட சொல்லுங்க என்கிறாள். சொன்னேன். நீ என்ன கேட்டாய்? பிள்ளை சாப்பிட்டாளா என்றா கேட்டாய்? நூறு வரைக்கும் வந்தாச்சா என்று கேட்டாய்! அவள் உன் மகளா, உனக்குக் கீழே வேலை பார்க்கிற ஆளா? அவள் நடை பழகுவதற்கு முன்னால் போனவன் நீ, அவளுக்கு அப்பா என்றால் போனில் வருகிற அந்தக் குரல் மட்டும்தான். அந்தக் குரலைக் கேட்டா பிள்ளை ஒளிய வேண்டும்? பிள்ளை பின்தங்கிவிடுவாளே என்று நீ பயப்படுகிறாய், புரிகிறது, அந்தப் பயத்தை அவள் தலையில் ஏன் இறக்குகிறாய்?

நீ அனுப்பிய எழுத்துப் படத்தைச் சுவரிலிருந்து கழற்றிவிட்டேன், கோபித்துக்கொள்வதானால் என்னிடம் கோபித்துக்கொள். இப்போது பொத்தான் போடப் பழகுகிறாள். மருமகள் தினமும் கொஞ்ச நேரம் வெளியே போய்விட்டு வருகிறாள், பிள்ளை அழுவதில்லை, இவள்தான் வாசலில் நின்று மூக்கைச் சிந்துகிறாள். நேற்று பாத்ரூம் வருது என்று சுண்டு வீடே அதிரக் கத்தினாள், எங்கள் எல்லோருக்கும் வாயெல்லாம் பல்.

உனக்கு ஒரு குறையும் வராமல் நூறு வயசு இருக்க வேண்டும். குளிர் காலம், காதை மூடிக்கொண்டு வெளியே போ. கடிதம் கிடைத்ததும் மறக்காமல் பேசு, பிள்ளையை ஒன்றும் கேட்காமல் உன் கதையைச் சொல். அப்பா சிரிப்பாரா தாத்தா என்று காலையில் என்னைக் கேட்டாள். நல்லாச் சிரிப்பானே என்று சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
கோபம் இன்னும் ஆறாத உன் அப்பா