ரேகை விழாத பத்து விரல்

அன்பு மகள் வாயாடிக்கு, அப்பா எழுதிக்கொண்டது. இங்கே நானும் உன் அம்மாவும் கை கால் சுகத்தோடு இருக்கிறோம், கை என்று எழுதும்போதே எனக்குச் சிரிப்பு வருகிறது, காரணம் கீழே வரும். அங்கே நீயும் மாப்பிள்ளையும் உன் வயிற்றில் உதைத்துக்கொண்டிருக்கும் சின்ன வாயாடியும் சௌக்கியம்தானே. முதலில் ஒரு குட்டை உடைத்துவிடுகிறேன். விசா காகிதமெல்லாம் கொடுத்தாகிவிட்டது, நிம்மதியாகத் தூங்கு என்று போன மாதம் போனில் சொன்னேனே, அது பச்சைப் பொய். விசா ஆபீஸில் என்னைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். உன் அப்பனுக்குக் கைரேகை இல்லையாம். வயிற்றுப்பிள்ளைக்காரியைக் கலங்கடிக்க வேண்டாம் என்று நாங்கள் பேசிவைத்துச் சொன்ன பொய், பாவத்தில் ஆளுக்குப் பாதி. இதைப் போனில் சொன்னால் உன் அம்மா பக்கத்தில் நின்று வரிக்கு வரி திருத்துவாள், அதனால்தான் கடிதம். எழுத்துப் பிழையைப் பார்த்துச் சிரிக்காதே, நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னிடமிருந்து தப்பித்துக்கொண்டது.

நீ அனுப்பிய பட்டியலில் கல்யாணச் சான்றிதழ் என்று ஒன்று இருந்ததே, அதற்கு நாங்கள் எங்கே போவது. முப்பது வருஷம் குடும்பம் நடத்தி உன்னையும் பெற்றதற்கு ஒரு துண்டுக் காகிதம் கிடையாது. பதிவு ஆபீஸுக்குப் போய் உட்கார்ந்தால், இரண்டு பேருக்கும் சம்மதமா என்று கேட்கிறார்கள். நான் உடனே தலையாட்டிவிட்டேன். உன் அம்மா என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, யோசிச்சுச் சொல்லலாமாங்க என்று அந்த அதிகாரியிடம் கேட்டாள். சாட்சிக் கையெழுத்துப் போட வந்த உன் தாய்மாமன், அக்கா நல்லா யோசி, இன்னும் ஒண்ணும் கெட்டுப்போகலன்னு எடுத்துக்கொடுக்கிறான். போட்டோ எடுத்த இடத்தில் சிரிக்கக் கூடாது என்று சட்டம். உன் அம்மாவுக்கு ஒரே தடவையில் சரியாக வந்துவிட்டது, என்னைப் பார்த்துக்கொண்டே நின்றாள், அவ்வளவுதான். நான்தான் நாலு தடவை பல்லைக் காட்டி போட்டோக்காரரிடம் திட்டு வாங்கினேன். காகிதமெல்லாம் சேர்ந்ததும் அதற்கு ஜிப் வைத்த பை ஒன்று வாங்கினாள், காய்கறி வாங்கப் போனாலும் அது அவள் கக்கத்தில்தான். நான் காணாமல் போனால்கூட சாயங்காலம்தான் தேடுவாள்.

இப்படி விசா ஆபீஸுக்கு ஊர்வலமாகப் போய், ரேகை எடுக்கிற மெஷினின் கண்ணாடி மேல் கையை வைத்தால், அம்மாவுக்குப் பத்து விரலும் பளிச்சென்று விழுந்தது, எனக்கு ஒன்றுகூட விழவில்லை. சிமெண்டும் கலவையும் தேய்த்துத் தேய்த்து விரல் நுனியெல்லாம் வழவழ என்று நான் ஒட்டுகிற டைல்ஸ் மாதிரியே ஆகிவிட்டது. ரேகையெல்லாம் ஊரில் இருக்கிற சமையலறைத் தரையில் கிடக்கும்மா, போய்ப் பொறுக்கிட்டு வரவா என்று ரேகை எடுத்த பெண்ணிடம் கேட்டேன். அவள் சிரிக்கவில்லை. பதினாலு நாள் சிமெண்டைத் தொடாமல் எண்ணெய் போட்டு வாருங்கள், மறுபடியும் விழாவிட்டால் மேலே எழுதிக் கேட்க வேண்டும், மாதக் கணக்காகும் என்றாள். அதற்குள் குழந்தை பிறந்து உட்காரவே ஆரம்பித்துவிடும். வீட்டுக்கு வந்து உன் அம்மா சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். நீ மட்டும் முன்னாடி போயேன், பிரசவத்துக்கு ஆள் வேணுமில்ல என்றேன். உங்களை விட்டுட்டுப் போனா அடுப்பை யாரு அணைப்பா என்றாள். முப்பது வருஷத்தில் அவள் என்னிடம் பேசிய ஒரே காதல் வசனம் இதுதான், எழுதி வைத்துக்கொள்.

அப்புறம் பதினாலு நாள் நான் ராஜா. காலையும் மாலையும் தேங்காய் எண்ணெய், ராத்திரிக்குக் கையில் உன் பழைய சாக்ஸ். தட்டைக் கழுவாதீங்க, துணி பிழியாதீங்க என்று ஒரே உபசாரம். மேஸ்திரி போன் பண்ணினால், அவருக்கு விரல் ஓய்வுல இருக்கு என்று சொல்லி வைத்துவிடுவாள். ஒரே ஒரு தொல்லை, நம் சமையலறையில் பாத்திரம் கழுவுகிற தொட்டிக்கு முன்னால் ஒரு டைல்ஸ் மூணு வருஷமாக ஆடுகிறதே, நீ இருக்கும்போதே டக் டக் என்னுமே, சும்மா உட்கார்ந்திருக்கும்போதுதான் அது காதைக் குடைந்தது. ஊருக்கெல்லாம் தரை போடுறாரு என்று உன் அம்மா வேண்டுமென்றே அதன்மேல் இரண்டு தடவை மிதித்துவிட்டுப் போவாள்.

இன்று காலை மறுபடியும் போனோம். ஒன்பது விரல் விழுந்தது. இடது சுண்டுவிரல் மட்டும் முரண்டு பிடித்தது, உன்னை மாதிரி. அந்தப் பெண் ஈரத்துணியால் துடைத்து, என் விரல்மேல் தன் விரலை வைத்து அழுத்தினாள், விழுந்துவிட்டது. இப்போது அவள் சிரித்தாள். உன் அம்மா ஆபீஸ் என்றும் பார்க்காமல் மூக்கைச் சிந்தினாள். நாற்பது நாளில் விசா வருமாம், உனக்கு இன்னும் பத்து வாரம் இருக்கிறது, வந்துவிடுவோம். அதுவரை குனிந்து எதையும் தூக்காதே, மாப்பிள்ளையைத் தூக்கச் சொல், அவர் உடம்புக்கும் நல்லது. வேளைக்குச் சாப்பிடு, மாத்திரையை மறக்காதே. நீயும் உன் பிள்ளையும் குறைவில்லாமல் இருக்க வேண்டும் என்று எங்கள் இருவருடைய நிறைந்த மனசோடு ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
பத்து விரலுக்கும் சொந்தக்காரனான உன் அப்பா.

பி.கு.: பாஸ்போர்ட்டைத் திரும்ப வாங்கும்போது காட்ட வேண்டும் என்று ஒரு ரசீது கொடுத்தார்கள், இரண்டு பேருக்கும் சேர்த்து ஒன்றுதான். அம்மா பையின் ஜிப்பை மூடிவிட்டதால் நானே பத்திரமாகச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். வீட்டுக்கு வந்ததும் சந்தோஷத்தில் சட்டையைக்கூட மாற்றாமல் குனிந்து உட்கார்ந்து, கலவை போட்டு அந்த டைல்ஸை ஒட்டி முடித்தேன். எழுந்து பார்த்தால் சட்டைப்பையில் ரசீது இல்லை. அம்மா சற்று முன்பு கேட்டாள், வீட்டுக்குள்ளேதான் இருக்கிறது, யாராலும் எடுக்க முடியாது என்றேன், அது பொய்யில்லை. ஞாயிற்றுக்கிழமை அவள் தம்பி வீட்டுக்குப் போகிறாள், உளியைத் தேடி எடுத்து வைத்திருக்கிறேன். இதை எழுதும்போது அவள் அதன்மேல் நின்றுதான் பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கிறாள். டைல்ஸ் கொஞ்சமும் ஆடவில்லை.